வேனின் முன்சீட்டில் பிலோமினா அக்கா

ஜுருவில் பட்டறைக்காரன் வேனை மேலே தூக்கி நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றிப் போட்டிருந்த நேரத்தில் அந்தப் பெண் வந்து இறங்கினாள். பிலோமினா அக்காவின் தங்கை மகள். பினாங்குத் தீவிலிருந்து பாலம் தாண்டி வாடகைக் காடி, அதாவது கார், பிடித்து வந்திருக்கிறாள். என் வாய் சும்மா இருக்குமா? “என்னம்மா, புதுக் காடி வாங்க வந்தியா? நான் நல்லா பேரம் பேசுவேன்லா” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “அண்ணே, மொதல்ல உக்காருங்க” என்றாள்.

உட்கார அங்கே கழற்றிப் போட்ட டயர்தான் இருந்தது. அதில் உட்கார்ந்தேன். அவள் அடுத்த வார்த்தை சொல்வதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. அந்த ‘மொதல்ல உக்காருங்க’ கெட்ட சேதிக்கு முன்னால் அக்கா சொல்லும் வார்த்தை என்று எனக்குத் தெரியாதா? எத்தனை வீடுகளின் வாசலில் நின்று அதைக் கேட்டிருக்கிறேன்! “காலையில தூக்கத்துலயே போயிட்டாங்கண்ணே. போன்ல சொன்னா பெரியம்மா என்னைச் சும்மா விட மாட்டாங்க, அதான் நேர்ல வந்தேன்” என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். நானும் அழுதேன். பட்டறைக்கார சீனன் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, “மணியம், பில் இன்னும் எழுதவே இல்லையே, அதுக்குள்ள ஏன் அழுவுற?” என்று மலாயில் கேட்டான். அழுதுகொண்டே சிரித்தேன். அக்கா இருந்திருந்தால் இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

அக்காவை அறியாத யாராவது இந்த நினைவு மலரைப் புரட்டினால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. பிலோமினா அக்கா ஜார்ஜ் டவுனில் இருக்கும் எங்கள் இறையியல் கல்லூரியின் பதிவாளர். எல்லாச் சபைக்காரர்களும் மேற்படிப்புக்கு வருகிற இடம். பகலில் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஃபேக்டரி என்று வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்து கிரேக்கமும் எபிரேயமும் படிக்கிறவர்கள்தான் அதிகம். நான் அந்தக் கல்லூரியின் வேன் ஓட்டி. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சண்டை. அது போகட்டும்.

மாணவர்களின் மார்க்கைப் பார்த்து யார் தொடர்ந்து படிக்கலாம், யார் போக வேண்டும் என்று சொல்லும் விதிகள் அக்காவின் கையில் இருந்தன. சராசரி ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. எல்லாரும் அதை புரோபேஷன் என்பார்கள். அடுத்த தவணை, அதாவது அடுத்த படிப்புப் பருவத்திலும் இறங்கினால் படிப்பை நிறுத்திக்கொண்டு போக வேண்டியதுதான். தப்பிக்க ஒரே ஒரு வழி உண்டு. மாணவரே வாயைத் திறந்து, ‘எனக்கு இன்னொரு தவணை வேண்டும்’ என்று கேட்க வேண்டும். கேட்டால் ஆசிரியர்கள் கூடி முடிவு செய்வார்கள். கேட்காவிட்டால் அவ்வளவுதான், கதவு சாத்தப்படும்.

இதில் என்ன இருக்கிறது, எல்லாக் கல்லூரியிலும் உள்ளதுதானே என்பீர்கள். அக்கா அதைச் செய்த விதம் வேறு எந்தக் கல்லூரியிலும் இருக்காது. மின்னஞ்சல் அனுப்ப மாட்டார். ஆபீசுக்குக் கூப்பிட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாசாரில் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, “வண்டிய எடு மணியம்” என்பார். மாணவரின் வீட்டுக்கே போய், வெளியே எங்காவது தனியாக உட்கார வைத்துச் சொல்லிவிட்டு வருவார். வீட்டில் வேறு யாருக்கும் மூச்சு விட மாட்டார். மாணவரின் நிலை மாணவருக்கு மட்டும்தான் என்பதும் ஒரு விதி.

“ஏங்க்கா இந்த அலைச்சல்? ஆபீஸ்லயே சொல்லிட்டா ஆகாதா?” என்று கேட்டிருக்கிறேன்.

“ஆபீஸ்ல கேட்டா அந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவங்க பஸ் ஏறணும்டா. வீட்ல கேட்டா அங்கேயே உக்காந்து அழலாம்” என்றார்.

எனக்கு இதைக் கிண்டல் செய்யாமல் இருக்க முடியுமா? “அக்கா, எமன் எருமையில வருவான். நீங்க வேன்ல வர்றீங்க” என்றேன் ஒரு நாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: “நான் எமன்னா, எருமை யாருடா?”

இப்போது சுங்கை பாக்காப் ஊரில் நடந்த கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் பேனாவையே எடுத்தேன். யாருடைய வீட்டுக் கதையையும் நான் வெளியே சொன்னதில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் சம்பந்தப்பட்டவளே அனுமதி கொடுத்திருக்கிறாள். “பேரோட எழுதுங்கண்ணே, நல்லா எழுதுங்க” என்று சொன்னாள். அவள் பெயர் ஸ்டெல்லா.

ஸ்டெல்லா நல்ல கெட்டிக்காரி. ஆனால் இரண்டாவது தவணையும் மார்க் இறங்கிவிட்டது. அக்கா கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. கல்லூரிப் பக்கமும் தலைகாட்டவில்லை. அக்கா கடைசியில் வீட்டு போனுக்கே அடித்துவிட்டார். எடுத்தது ஸ்டெல்லாவின் அத்தை. தாயில்லாப் பிள்ளையை வளர்த்தவர். பதிவாளர் என்று சொன்னால் விஷயம் வெளியே தெரிந்துவிடுமே என்று அக்கா, “பினாங்கிலருந்து பிலோமினா பேசுறேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வரலாமா? ஸ்டெல்லா இருப்பால்ல?” என்று மட்டும் கேட்டிருக்கிறார். அத்தை ஒரு கேள்வியும் கேட்காமல், “தாராளமா வாங்க, தாராளமா வாங்க” என்றாராம். அந்த இரண்டாவது ‘தாராளமா’விலேயே அக்கா உஷாராகியிருக்க வேண்டும்.

போகும் வழியெல்லாம் அக்காவுக்கு ஒரே கவலை. “கேப்பாளா மணியம்? வாயத் திறந்து கேப்பாளா?”

“கேளுன்னு நீங்களே சொல்லிட்டா முடிஞ்சிச்சி.”

“விதிய முழுசா சொல்வேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நான் சொல்லி அவ கேட்டா, அது நான் கேட்டது. நாளைக்கு ராத்திரி முழிச்சிப் படிக்கப் போறது நானா?”

சுங்கை பாக்காப்பில் அந்தத் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்ததுமே எனக்குக் குறுகுறு என்றது. வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம். வீட்டுக்கு முன்னால் இரண்டு மூன்று காடி. உள்ளே சொந்தக்காரர்கள் நாற்காலி நிறைய. மேசையில் கேசரி, வடை, வறுத்த மீஹூன் சேமியா, பெரிய ஜாடியில் சிவப்புச் சிராப் சர்பத். அக்கா பட்டுப் புடவை. நான் அன்றைக்கென்று பூப்போட்ட பாத்தேக் சட்டை. கையில் பழக்கூடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முப்பதை நெருங்கும் பெண் இருக்கிற வீட்டுக்கு இந்தக் கோலத்தில் இரண்டு பேர் போய் இறங்கினால் என்ன நினைப்பார்கள்? சரிதான்!

“அலாமாக்! அக்கா, பொண்ணு பாக்க வந்திருக்கோம்னு நெனச்சிட்டாங்க” என்று அவர் காதில் சொன்னேன்.

அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எதற்காக வந்தோம் என்று சொல்ல முடியாது, விதி. பொய்யும் சொல்ல மாட்டார், அவர் குணம் அப்படி. திரும்பிப் போகவும் முடியாது. வாசலிலேயே சிலை மாதிரி நின்றார். அத்தை கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் நடு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

அத்தை என் பக்கம் திரும்பினார். “மாப்பிள்ளைக்கு நீங்க என்ன முறை வேணும்?”

“நான் வண்டி ஓட்டுறவனுங்க” என்றேன்.

“பாருங்க, என்ன அடக்கம்!” என்று எல்லாரிடமும் சொன்னார் அத்தை. “மாப்பிள்ளை வரலீங்களா?”

“மாப்பிள்ளை இன்னும் கெடைக்கலைங்க” என்றேன். கூடமே சிரித்தது. அக்கா என் காலை மிதித்தார். இன்றைக்கும் அந்தக் கட்டைவிரல் மழைக்கு வலிக்கும்.

ஸ்டெல்லாவின் அப்பா அந்தோணி, புக்கிட் தெங்காவில் ஃபேக்டரி வேலை. அதிகம் பேசாத மனுசன். புதுச் சட்டையின் மடிப்புக் கோடு தெரிய ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர் மெதுவாகக் கேட்டார்: “எங்க பிள்ளைய உங்களுக்குப் புடிச்சிருக்குங்களா?”

“எனக்கு ரொம்ப நாளாவே புடிக்கும்” என்றார் அக்கா. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் ஸ்டெல்லா கோப்பித் தட்டோடு வந்தாள். தலை நிறைய மல்லிகை. யாரோ மாப்பிள்ளை வீட்டார் என்று சொல்லி அலங்காரம் பண்ணியிருக்கிறார்கள், அவளும் வேண்டாவெறுப்பாகத் தலை குனிந்துதான் வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நடுநாற்காலியில் பதிவாளர்! தட்டில் இருந்த கோப்பைகளெல்லாம் கடகடவென்று ஆடின. நான் எழுந்து போய்த் தட்டைப் பிடித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் என் பாத்தேக் சட்டை அன்றைக்கே போயிருக்கும்.

“பிள்ளைகிட்ட கொஞ்சம் தனியா பேசலாமா?” என்றார் அக்கா.

“மாப்பிள்ளைதானே தனியா பேசணும்?” என்றார் அத்தை.

“எங்க பக்கம் எல்லாத்தையும் அக்காதான் பேசுவாங்க” என்று நான் சொன்னேன். இதுவும் உண்மைதான். கல்லூரியில் எவனைக் கேட்டாலும் சொல்வான்.

இருவரும் பின்பக்கம் துணிக்கொடி அருகே போய் நின்றார்கள். நான் அத்தையைப் பிடித்து வைக்க மூன்றாவது வடையைச் சாப்பிட்டுக்கொண்டே சன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா பேசினார். பிறகு நிறுத்தினார். ஸ்டெல்லா புடவை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். அக்கா காத்திருந்தார். கேளு தாயே, கேளு என்று நான் மனசுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். மாரியம்மனையும் விடவில்லை. அவள் கேட்கவில்லை. அக்கா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி உள்ளே வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டேன்.

“நாங்க கெளம்புறோம்” என்றார் அக்கா.

“என்னங்க, ஒண்ணும் சாப்பிடாம!” அத்தை பதறினார். “பதில் ஒண்ணும் சொல்லலையே?”

“பதில் சொல்ல வேண்டியது நான் இல்லீங்க” என்று சொல்லி அக்கா செருப்பைத் தேடினார். ஒரு செருப்பு மாட்டியாகிவிட்டது.

“அப்பா.”

ஸ்டெல்லா பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “அப்பா, இவங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இல்ல. எங்க காலேஜ் பதிவாளர். ரெண்டு தவணையா என் மார்க் எறங்கிப்போச்சி. படிப்ப விட்டுப் போகணும். அதச் சொல்லத்தான் வந்தாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு விதி, அதான் அவங்க சொல்லல. நான் சொல்றேன்.” பிறகு அக்காவைப் பார்த்தாள். “அக்கா, எனக்கு இன்னொரு தவணை வேணும். நான் கேக்குறேன்.”

அக்கா ஒரு காலில் செருப்போடு திரும்பினார். “கேட்டாச்சி” என்றார். “சாட்சி வீடு நெறைய இருக்கு.” பிறகு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, “அந்தக் கேசரிய இப்படிக் கொடுங்க” என்றார்.

“அப்ப மாப்பிள்ளை?” என்றார் அத்தை பரிதாபமாக.

இந்த இடத்தில் நான் சிரித்திருக்கக் கூடாது. ஆனால் அந்தோணி அண்ணன்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்த பிறகு யாரால் அடக்க முடியும்?

சிரிப்பு அடங்கியதும் அவர் மகளிடம் கேட்டது ஒரே கேள்வி. “ஏம்மா எறங்கிச்சி?” அவளுக்குப் பதிலாகச் சொந்தக்காரர் ஒருவர்தான் சொன்னார். அந்த வட்டாரத்தில் கத்தோலிக்கர் வீட்டில் யார் இறந்தாலும் தமிழில் செபம் நடத்த ஸ்டெல்லாவைத்தான் கூப்பிடுகிறார்கள். சாவு நேரம் பார்த்தா வருகிறது? நிபோங் திபாலில் ஒரு வீடு, ஜாவியில் ஒரு வீடு என்று சாயங்காலமெல்லாம் துக்க வீட்டிலேயே போய்விடும். அக்கா கேசரியை விழுங்கிவிட்டுச் சொன்னார்: “செத்தவங்களுக்கு செபம் சொல்லிச் சொல்லி, உன் படிப்பையும் சேத்து அடக்கம் பண்ணப் பாத்தியே!”

அந்தோணி அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். “இனிமே துக்க வீட்டுக்கு நான் போறேன்” என்றார். கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாத மனுசன்! அத்தை உடனே, “ரெண்டு வீடு வந்தா ஒண்ணுக்கு நான் போறேன்லா. இவனுக்குத் தொண்டை பத்தாது” என்றார்.

ஆசிரியர்கள் கூடி ஒரு தவணை கொடுத்தார்கள். அந்தத் தவணையில் இரண்டு பாடம் மட்டும் எடுக்க வேண்டும், இரண்டிலும் கோட்டைத் தாண்ட வேண்டும், ஒன்றில் சறுக்கினாலும் வீட்டுக்கு. மறுபடி கேட்க வழியில்லை. அந்தோணி அண்ணன் முதல் துக்க வீட்டில் பதற்றத்தில் செபமாலையில் ஒரு பத்தை, பத்து மணிகளுக்கான செபத்தை, அப்படியே விட்டுவிட்டாராம். முன்வரிசைக் கிழவி ஒருத்தி நிறுத்தி, “தம்பி, செத்தவருக்கு அவசரம் ஒண்ணும் இல்ல, மெதுவா சொல்லு” என்றிருக்கிறாள். அப்புறம் அப்பனும் அத்தையும் ஊர் முழுக்கப் பேர் வாங்கிவிட்டார்கள். அத்தை குரல் இரண்டு தெருவுக்குக் கேட்கும்.

தவணை முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பாசாரிலிருந்து ஆப்பிளும் ஆரஞ்சுமாக வந்து முன்சீட்டில் ஏறினார். “சுங்கை பாக்காப்” என்றார்.

பழம் வாங்கினால் கெட்ட சேதி, இதுதானே கணக்கு! நல்ல சேதிக்கு அக்கா ஒரு நாளும் வண்டி ஏறியதில்லை. “என்னாச்சிக்கா?” என்றேன். “ரோட்டப் பாரு” என்றார். பாலத்தில் ஏறியதும், “அக்கா, நான் சிரிக்கிற மூஞ்சி வச்சிக்கிறதா, அழுவுற மூஞ்சி வச்சிக்கிறதா? இப்பவே தயார் பண்ணணும்ல?” என்றேன். “உனக்கு இருக்கிறது ஒரே மூஞ்சி, அதையே வச்சிக்க” என்றார். பக்கவாட்டில் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கல்லுக்காவது வெயிலில் நிறம் மாறும். அக்கா முகம் மாறவில்லை.

வேனைப் பார்த்ததும் அத்தை வாசலிலேயே நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அந்தோணி அண்ணன் பழக்கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தூணைப் பிடித்துக்கொண்டார். “மொதல்ல உக்காருங்க” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு அக்கா நேராக ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு துணிக்கொடிப் பக்கம் போனார். நாங்கள் மூன்று பேரும் ஒரே நீள நாற்காலியில், பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரி.

அப்புறம் ஒரு அலறல். நான் எழுந்து ஓடினேன். ஸ்டெல்லா அக்காவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள்! அக்காவின் கண்ணாடி புல்லில் கிடந்தது. “எறக்கி விடுடி, நான் பதிவாளர்!” என்று அக்கா கத்தினார். இரண்டு பாடத்திலும் தாண்டிவிட்டாள். சராசரியும் ஏறிவிட்டது. அந்தோணி அண்ணன் அங்கேயே நின்று, துக்க வீட்டுச் செபத்தைத்தான் சொன்னார். அந்த நேரத்தில் அவருக்கு வாயில் வந்தது அதுதான்.

திரும்பி வரும்போது பாலத்தின் மேல் கேட்டேன். “இதுக்கு எதுக்குக்கா பழம்? எதுக்குக் கல்லு மாதிரி மூஞ்சி? எனக்கு உயிரே போச்சி!”

“கெட்டதுக்கு மட்டும் வண்டி போனா, வண்டியப் பாத்ததுமே தெருவுக்கே தெரிஞ்சிடும்டா. அன்னைக்கு அந்தப் பிள்ள அத்தனை பேர் முன்னால சொன்னா பாரு, அது அவ தைரியம். எல்லாருக்கும் அது வருமா? இனிமே நல்லதுக்கும் போவோம். அப்பத்தான் எது எதுன்னு யாருக்கும் தெரியாது.”

“எனக்குக்கூடவா சொல்லக் கூடாது?”

“அவளுக்கு முன்னால உனக்குத் தெரிஞ்சா, அவ சேதி அவளுக்குப் பழசா போயிடும்.”

அன்றிலிருந்து அப்படித்தான். நன்றாகப் படித்தவர்கள் வீட்டுக்கும் போனோம், சறுக்கியவர்கள் வீட்டுக்கும் போனோம், பழம் ஒன்றே. உங்களில் பலர் வீட்டு வாசலில் அந்த வேன் நின்றிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்றுவரை காரணம் தெரியாது. எனக்குத் தெரியும். திரும்பி வரும்போது அக்கா பாட்டு முணுமுணுத்தால் நல்ல சேதி, கடலையே பார்த்துக்கொண்டு வந்தால் மற்றது. மறைக்கப் பார்ப்பார். பக்கத்திலேயே இருப்பவனிடம் எவ்வளவு நேரம் மறைப்பது?

ஸ்டெல்லா ஆய்வேட்டையும் முடித்துப் பட்டம் வாங்கிவிட்டாள். அக்கா இறந்த அன்று பெற்ற மகள் மாதிரி எல்லாவற்றையும் எடுத்துச் செய்தாள். அந்தோணி அண்ணன்தான் செபம் நடத்தினார். ஒரு பத்தையும் விடவில்லை.

அக்கா எனக்கு என்ன விட்டுப் போனார் என்று கேட்டால், வாயை மூடத் தெரிந்ததைத்தான் சொல்வேன். என்னை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று விளங்கும். யாரைப் பார்த்தாலும் ஒரு கிண்டல் அடிக்காமல் விடாதவன் நான். ஆனால் எந்தெந்த வீட்டிலிருந்து அக்கா கடலைப் பார்த்துக்கொண்டு திரும்பினார் என்பதை ஒரு விளையாட்டுக்குக்கூட யாரிடமும் சொன்னதில்லை. அது அவரவர் சேதி. எவரும் அதை என் வாயிலிருந்து முதலில் கேள்விப்படக் கூடாது.

அடக்கத்துக்கு முந்தைய நாள், பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாஸ்டர் வந்து நின்றார். எங்கள் கல்லூரியில் படித்தவர், இன்றைக்குப் பெரிய சபையை நடத்துகிறவர், அழகாகப் பேசுகிறவர். என் பக்கம் சாய்ந்தார்.

“அண்ணே, மலர்ல எழுதப் போறீங்களாமே?”

“ஆமாங்க பாஸ்டர்.”

“எல்லாத்தையுமா?”

நான் அவர் தோளைத் தட்டினேன். “எனக்கு உங்க வீட்டுக்கு வழியே தெரியாது பாஸ்டர்” என்றேன்.